‘போங்க’ என்றால் சம்மதமா?

கேள்வி: எனக்கு 44 வயது. திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை. கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஏழு பேரும் பைக் பைத்தியங்கள். சென்னை, கோவை, மதுரை என்று இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். என்னிடம் அப்பா ஓட்டிய ஆர்.எக்ஸ். 100 இன்னும் ஓடுகிறது. ஜூலை மாதம் இரண்டாம் சனி, ஞாயிறு கொல்லிமலையில் கூடுவதாக வாட்ஸ்அப் குழுவில் நான்தான் தேதி குறித்தேன். அறைக்கு 2,000 ரூபாய் முன்பணமும் கொடுத்தாயிற்று. அப்புறம்தான் வீட்டில் சொன்னேன். மனைவி வங்கியில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு ஜூன் கடைசியில் கண்புரை ஆபரேஷன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மனைவியின் அக்கா மகளுக்கு வளைகாப்பு என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. “போங்க, நான் என்ன சொல்லப்போறேன்” என்றார் மனைவி. “அதான் போகச் சொல்லிட்டாங்களே, ஞாயிறு மத்தியானம் இறங்கி வளைகாப்பில் தலையைக் காட்டிடு” என்கிறார்கள் நண்பர்கள். இதை விட்டால் இருபது வருஷம் கழித்துச் சேர்ந்த கூட்டம் கலைந்துவிடும். போகலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: ஜூலையில் வேண்டாம் தம்பி. ஆகஸ்டில் போங்கள். ஏன் ஆகஸ்ட் என்பதைக் கீழே சொல்கிறேன். முதலில் அந்தப் ‘போங்க’வைப் பார்த்துவிடுவோம்.

நம் வீடுகளில் வழியனுப்புகிறவர் யாரும் ‘போங்க’ என்று சொல்வதில்லை. முக்குக் கடைக்குத் தயிர் வாங்கப் போகிறவரிடம்கூட ‘போயிட்டு வாங்க’ என்பார்கள். கிளம்புகிறவரும் ‘வர்றேன்’ என்றுதான் செருப்பை மாட்டுவார். அந்த ‘வாங்க’ காணாமல் போய் வெறும் ‘போங்க’ மட்டும் வந்திருக்கிறது. அதற்கு ‘நான் என்ன சொல்லப்போறேன்’ என்று ஒரு வால் வேறு. தேதி குறித்து, முன்பணம் கட்டி, ஆறு பேருக்குச் சொல்லி, ஏழாவதாகத் தன்னிடம் வந்து நிற்பவரிடம் அவர் வேறு என்னதான் சொல்ல முடியும்? உங்கள் நண்பர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது அவர்களுடைய வசதி.

நீங்கள் குறித்த சனிக்கிழமை எப்படிப்பட்டது என்றும் பாருங்கள். வங்கியில் வேலை செய்கிறவர்களுக்கு மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள்தான் விடுமுறை. 2015 செப்டம்பரில் வந்த ஏற்பாடு அது. மற்ற சனிக்கிழமைகளில் முழுநாள் வேலை. ஆக, உங்கள் மனைவிக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைப்பதே மாதத்தில் இரண்டு தடவை. அதில் ஒன்றை அவரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

அப்புறம் அம்மாவின் கண். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்கு ஒரு நாளைக்குப் பல தடவை சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். கையைக் கழுவி, அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்து, கீழ் இமையை மெல்ல இழுத்துப் பிடித்து, பாட்டிலின் நுனி கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு. சரியாக அந்த நொடி பார்த்து அம்மா கண்ணை மூடிக்கொள்வார். சொட்டு கன்னத்தில் ஓடும். மறுபடி முதலிலிருந்து. இரண்டு வகை மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் நடுவே சில நிமிடம் விட்டு இரண்டாவது. அதற்குள் அடுப்பில் பால் பொங்கும். இதையெல்லாம் அந்த இரண்டு நாளும் யார் செய்வார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அறையின் முன்பணம் மட்டும் ரூபாய்க் கணக்கோடு இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் உங்கள் வயதில் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

‘தலையைக் காட்டுவது’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1993-ல் நான் ஈரோட்டில் இருந்தேன். என்னிடம் ஒரு யெஸ்டி பைக். ஞாயிறு மாலை 4 மணிக்கு மைத்துனருக்கு நிச்சயதார்த்தம். மத்தியானமே வந்துவிடலாம் என்று சனிக்கிழமை நாலு பேராக ஏற்காடு கிளம்பினோம். திரும்பும்போது சங்ககிரி பக்கம் செயின் லாக் தெறித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடை திறந்திருக்கவில்லை. வண்டியை எவ்வளவு தூரம் தள்ளினோம் என்று இன்றைக்கும் நாலு பேரும் நாலு கணக்குச் சொல்வோம். ஒரு லாரி பட்டறையில் ஆள் கிடைத்து, சரிசெய்து, வீடு போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டரை. தட்டு மாற்றி, பந்தி முடிந்து, வாசலில் வாழை இலை குவிந்து கிடக்கிறது. மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு சோப்புக்கட்டி எடுத்து வந்து நீட்டினார். கையில் கிரீஸ். திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். அந்தச் சோப்பு மறக்கவில்லை.

அதனால் மலையிலிருந்து இறங்கிற அன்றைக்கே விசேஷம் வைத்துக்கொள்ளாதீர்கள். வளைகாப்பில் ஆண்களுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பார்கள். அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சித்தப்பா. சீர்த்தட்டு ஏற்ற, வளையல் பெட்டியைத் தூக்க, பெரியவர்களை மண்டபத்துக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு கார், ஒரு ஆள் வேண்டும். எல்லாக் குடும்பத்திலும் அந்த ஆள் சித்தப்பாதான்.

இப்போது ஆகஸ்ட் கணக்குக்கு வருகிறேன். ஜூலை பாதி வரை ஆனி. ஆடி பிறப்பதற்குள் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று ஊரே ஓடும் மாதம் அது. அதில் போய்த் தேதி குறித்தால் எதிலாவது முட்டத்தான் செய்யும். ஆடியில் மண்டபங்கள் காலி. குடும்பஸ்தன் பைக் எடுக்க ஆடியையும் மார்கழியையும் விட்டால் மாதம் கிடையாது என்பது என் அனுபவம். ஆனால் ஆடி முழுவதும் கொல்லிமலைக்குச் சரிப்படாது. ஆடி 17, 18 இரண்டு நாளும் அங்கே வல்வில் ஓரி விழா. ஆகஸ்ட் 2, 3 வாக்கில் வரும். ஆடிப்பெருக்குக் கூட்டமும் சேர்ந்தால் வளைவுக்கு வளைவு பஸ்ஸுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். ஆகஸ்டின் இரண்டாம் சனி எந்த வருஷமானாலும் 8-க்கும் 14-க்கும் நடுவில்தான் விழும். விழா முடிந்திருக்கும், ஆவணி பிறந்திருக்காது, வங்கிக்கும் விடுமுறை. அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். சொட்டு மருந்து அப்போதும் தொடருமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசை அந்த இரண்டு நாளில் விழுகிறதா என்று தினசரிக் காலண்டரில் பாருங்கள். உங்கள் ஏழு பேரில் தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் இருப்பார்கள்.

இது நான் சொல்லும் தேதிதான். உங்கள் மனைவி வேறு தேதி சொன்னால் அதுதான் தேதி. காலண்டரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். “ஜூலையை ரத்து பண்ணிட்டேன். உனக்கு எது தோது?” என்று கேளுங்கள். ரத்து செய்த பிறகு கேட்க வேண்டும். ‘வேண்டுமானால் ரத்து செய்கிறேன்’ என்று கேட்டால் இன்னொரு ‘போங்க’ வரும். அதே மாதம் நான்காம் சனி, ஞாயிறு அவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வீட்டுக்குப் போவாரோ, தோழிகளோடு எங்காவது போவாரோ, ஒன்பது மணி வரை தூங்குவாரோ, அது அவர் பாடு. அன்றைக்கு இட்லி ஊற்றுவது நீங்கள்.

நீங்கள் இல்லாத இரவு அம்மாவுக்குத் துணையாகத் தங்கையையோ அக்காவையோ கூப்பிடலாம் என்று தோன்றும். கூப்பிடுங்கள், ஆனால் தனியாக வரச் சொல்லுங்கள். நாத்தனார் கணவரோடும் பிள்ளைகளோடும் வந்து இறங்கினால் அது உதவி இல்லை, விருந்து. சமைப்பது யார் என்று உங்களுக்கே தெரியும்.

குழுவில் என்ன எழுதுவது? “வீட்டில் விடமாட்டேன்கிறாங்க” என்று மட்டும் எழுதாதீர்கள். அது பொய், அவர் விடமாட்டேன் என்று சொல்லவே இல்லை. அப்படி எழுதினால் அடுத்த பத்து வருஷம் உங்கள் நண்பர்களுக்கு அவர்தான் வில்லி. “ஜூலை முடியாது. நான்தான் விசாரிக்காமல் தேதி சொல்லிவிட்டேன், என் தப்பு. ஆகஸ்ட் இரண்டாம் சனி யார் யார் வருகிறீர்கள்?” போதும். பாருங்கள், இன்னும் இரண்டு பேர் “அப்பாடா, எனக்கும் ஜூலையில் ஒரு சிக்கல்” என்பார்கள். முன்பணத்தை ஆகஸ்டுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். தரவில்லை என்றால் 2,000 போனது போனதுதான். ஏழு பேரும் சேர்ந்து வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நாலு பேர் வந்தால் கூட்டம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

பயணத்தை ஒரே இரவோடு முடித்துக்கொள்ளுங்கள். சனி காலை வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினால் முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல்லில் காலைச் சாப்பாடு. மதுரைக்காரர் திண்டுக்கல், கரூர் தாண்டி நாலுவழிச் சாலையிலேயே வந்துவிடுவார். சென்னை நண்பர் வெள்ளிக்கிழமை வேலை முடித்து இரவெல்லாம் பைக் ஓட்டி வருகிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் தூங்கிக்கொண்டு வந்து உங்கள் பின்சீட்டில் உட்காரட்டும். கௌரவக் குறைச்சல் என்பார், உட்கார வையுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஆர்.எக்ஸ். 100 எம்மாத்திரம்? காவிரியை ஒட்டின திறந்த சாலையில் பக்கவாட்டில் அடிக்கும். லாரியைத் தாண்டி வெளியே வரும் அந்த நொடியில் ஹேண்டிலைத் தளர்த்திவிடாதீர்கள்.

காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது கொண்டாட்டம்; கவனம் வேண்டியது இறங்கும்போதுதான். ஆர்.எக்ஸ். 100 மாதிரி டூ-ஸ்ட்ரோக் வண்டியில் கியரைக் குறைத்தாலும் இன்ஜின் அவ்வளவாகப் பிடிக்காது, பாரம் முழுக்க பிரேக்கில் விழும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். பத்து வளைவுக்கு ஒரு தடவை ஓரம் கட்டுங்கள். டிரம் பிரேக் லைனிங்கை முந்தின வாரமே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். இரவு பாட்டில் திறப்பவர்கள் இருந்தால் காலையில் அவர்கள் முதலில் இறங்கக் கூடாது. தூங்கி எழுந்ததாலேயே போதை இறங்கிவிடாது.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். 44 வயது முழங்கால்கள் சனிக்கிழமை அதில் இறங்கி ஏறினால் ஞாயிற்றுக்கிழமை பிரேக்கை மிதிக்கக் கால் வராது. நானாயிருந்தால் அறப்பளீஸ்வரர் கோயிலோடு திரும்பிவிடுவேன். இருபது வருஷக் கதை பாக்கி இருக்கிறது, உட்கார்ந்து பேசவே ராத்திரி போதாது.

சில வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. அடிவாரத்தில் ஒன்று, மேலே சேர்ந்ததும் ஒன்று, இரண்டு போன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். தங்குமிடத்து எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

ஞாயிறு விடிந்ததும் இறங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். இறங்குமுன் மலைமேல் சோளக்காடு சந்தையில் மிளகு வாங்குங்கள், அன்னாசி வாங்குங்கள். சீசன் கடைசிப் பலாப்பழம் கிடைத்தாலும் முழுசாக வாங்கி ஆர்.எக்ஸ். 100-ல் கட்டாதீர்கள். நான் ஒரு தடவை யெஸ்டியில் கட்டி இறங்கினேன். நாற்பதாவது வளைவோ என்னவோ, பழம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.