மாதிரி ரயில் பொழுதுபோக்கு நம் தலைமுறையோடு முடிந்துவிடுமா?

இப்படி ஒருவர் கேட்டிருந்தார். பிள்ளைகள் இதைத் தொடுவதே இல்லை என்பது அவர் கவலை. என்னைப் படுத்துவது வேறு: இடமும் ஈரக்காற்றும்.

சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. நிஜ ரயிலை 87 மடங்கு சிறிதாக்கிய 'எச்ஓ' அளவில்தான் ஆரம்பித்தேன். 18 அங்குல ஆரத்தில் வளைவு போட்டால் வட்டத்துக்கு மட்டுமே ஒரு மீட்டர் அகலம் வேண்டும். மகள் பிறந்ததும் பலகையைக் கழற்றி, அதைவிடச் சிறிய 'என்' (N) ஸ்கேலுக்கு வந்துவிட்டேன். தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். ஜப்பானிய கேட்டோ நிறுவனத்தின் 249 மில்லிமீட்டர் ஆர வளைவு சாப்பாட்டு மேசையிலேயே அடங்கிவிடும். "ஸ்கேல் 'என்'னாம், மேசை மட்டும் என்னுதாம்" என்பாள் மனைவி.

ஈரக்காற்றால் ஞாயிற்றுக்கிழமை முதல் அரைமணி ரயில் ஓடாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும், துணி கரிப்பிடித் துணியாகிவிடும். போன வருஷம் பழைய டீசல் எஞ்சின் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்சு பிசுபிசுத்துக் கூரையில் ஒட்டி, பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு எனக்கே வெறுத்துப்போனது.

இங்கிலாந்தில் 1946 முதல் இருந்த ஹாட்டன்ஸ் என்ற மாதிரி ரயில் கடை 2024-இல் மூடுவதாக அறிவித்தது. அங்கே நடந்த வார்லி மாதிரி ரயில் கண்காட்சியும் நின்றுவிட்டது. கஷ்டமான செய்திதான். அறை நிறைய மலையும் குகையும் கட்டுகிற பெரிய லேஅவுட் குறையும் என்றே நினைக்கிறேன். நம் ஊரில் அதற்கு என்றைக்குமே இடம் இருந்ததில்லை.

என் அக்கா மகனுக்குப் பதினேழு வயது. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலேசியாவுக்குக் கடைசி ரயில் கிளம்பிய 2011 ஜூன் 30 அன்று அவன் சின்னக் குழந்தை. ஆனால் எம்ஆர்டி (நகர ரயில்) பெட்டிகளின் வகையெல்லாம் அத்துப்படி. இப்போது மலேசிய ரயிலான கேடிஎம்மின் பெட்டி ஒன்றைக் கம்ப்யூட்டரில் 1:150 அளவில் வரைந்து, முப்பரிமாண அச்சில் எடுத்திருக்கிறான். "மாமா, கேடிஎம் தண்டவாள அகலம் ஒரு மீட்டர், அதை 150-ஆல வகுத்தா 6.7 மில்லிமீட்டர். 'என்'னைவிடச் சின்ன இசட் ஸ்கேல் தண்டவாளம் 6.5. கிட்டத்தட்டச் சரியா வருது" என்றான். எனக்கு இது இருபது வருஷமாகத் தோன்றவே இல்லை.

அவனுக்கு ஈயம் பற்றவைக்கத் தெரியாது, எனக்கு அந்த வரைபட மென்பொருள் புரியாது. பெட்டி இன்னும் வளைவில் தடம் புரள்கிறது. எடை போதவில்லை என்கிறேன் நான். பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரச் சட்டம் (போகி) சரியாகச் சுழலவில்லை என்கிறான் அவன்.