முதல் சீட்டை எடுப்பதற்கு முன்

கேள்வி: ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறேன். வயது 26. டவுனில் ஒரு பிரிண்டிங் கடையில் டிசைனர் வேலை. மேசையில் ஆடும் கற்பனைப் போர் விளையாட்டுகளுக்கான சிறிய உருவங்களை, மினியேச்சர்களை, கம்ப்யூட்டரில் செதுக்கி வருகிறேன். ஓர்க், எல்ஃப், டிராகன், வீரர்கள் என்று 24 உருவங்கள் முடிந்துவிட்டன. பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளத்தில் போட்டு, 24-ம் சேர்ந்த செட் 50 பவுண் வீதம் 300 பேரிடம் 15,000 பவுண் திரட்டலாம் என்று எண்ணம். இலங்கையிலிருந்து அதில் போட முடியாது என்பதால் லண்டனில் இருக்கும் மாமா மகன் தன் பெயரில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்று ஈ.பி.எப். (சேமலாப நிதி) காசு வந்திருக்கிறது. அதில் மூன்று ரெசின் பிரிண்டர் (திரவ ரெசினை ஒளியில் படலம் படலமாக இறுக்கி உருவம் அடிக்கும் இயந்திரம்) வாங்கி வீட்டிலேயே அடித்து அனுப்பலாமா? கடை வேலையை விட்டுவிடலாமா? 2012-ல் ரீப்பர் என்ற நிறுவனம் இப்படி 34 லட்சம் டொலர் திரட்டியிருக்கிறது. அதில் நூறில் ஒரு பங்கு கிடைத்தாலும் எனக்குப் போதும்.
– வாசகர், ஹட்டன்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அம்மாவின் காசு. அதைத் தொடாதீர்கள். மலையில் ஏறி இறங்கி, மழையில் நனைந்து, அட்டைக் கடிபட்டுச் சேர்ந்த பணம் அது. அவருக்கு இனி மாதச் சம்பளம் கிடையாது. உங்கள் திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. எவ்வளவு நல்ல திட்டமாக இருந்தாலும் அந்தப் பணம் அதற்குரியது அல்ல. நீங்கள் கேட்ட தொழிலைத் தொடங்க அவ்வளவு பணம் தேவையும் இல்லை. அதைத்தான் இந்தப் பதிலில் சொல்லப் போகிறேன்.

கூட்டு நிதி திரட்டுவதைப் பலர் விற்பனை என்று நினைக்கிறார்கள். நம் ஊர் சீட்டில் முதல் மாதமே சீட்டை எடுப்பவருடைய நிலைதான் அங்கே உங்களுக்கு. கை நிறையக் காசு வரும், ஆனால் அத்தனையும் மற்றவர்களுடைய காசு. மிச்ச மாதங்கள் முழுவதும் நீங்கள் கொடுத்து முடிக்க வேண்டும். 2013-ல் அமெரிக்காவில் ரோபோடெக் மினியேச்சர் விளையாட்டு ஒன்றுக்கு 14 லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. முதல் பகுதி போய்ச் சேர்ந்தது. இரண்டாம் பகுதியைத் தர முடியாது என்று 2018-ல் அறிவித்தார்கள். அதை நடத்தியது பல வருட அனுபவமுள்ள நிறுவனம். நீங்கள் காட்டும் ரீப்பரும் அப்படித்தான்: டெக்சாசில் 1992-ல் தொடங்கி, இருபது வருடம் உலோகத்தில் உருவங்கள் வார்த்து விற்ற பிறகுதான் 2012-ல் அந்தப் பணத்தைத் திரட்டியது. வாடிக்கையாளர், அச்சு, களஞ்சியம், பொதி கட்டும் ஆட்கள் எல்லாம் அவர்களிடம் முன்பே இருந்தன. அவர்களுடைய தொகையைப் பார்த்து உங்கள் தொகையை முடிவு செய்ய முடியாது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 300 பேர், 15,000 பவுண். கிக்ஸ்டார்ட்டர் நூற்றுக்கு 5 வீதம் எடுக்கும், அது 750. வங்கி அட்டைக் கட்டணம் 3 வீதமும் ஒவ்வொருவருக்கும் 20 பென்சும், அது 510. மிஞ்சுவது 13,740. உருவங்களோ 300 பெருக்கல் 24, ஆக 7,200. ஒன்றுக்கு இரண்டு பவுண்கூட இல்லை. அதற்குள் ரெசின், மின்சாரம், பெட்டி, தபால், உங்கள் உழைப்பு எல்லாம் அடங்க வேண்டும். விலையிலேயே பிழை இருக்கிறது.

நேரத்தையும் பாருங்கள். 32 மில்லிமீற்றர் அளவு உருவத்தைத் தாங்குகால்களோடு சாய்த்து வைத்தால் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் உயரம் வரும். ஒரு படலம் 0.05 மில்லிமீற்றர் என்றால் ஆயிரம் படலம். படலத்துக்குப் பத்து விநாடி வைத்தாலும் ஒரு ஓட்டத்துக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தட்டில் எட்டு உருவம், மூன்று பிரிண்டர், நாளுக்கு நான்கு ஓட்டம் என்று வைத்தால், ஒன்றுகூடப் பழுதாகாமல் 75 நாள். இயந்திரம் செய்வது அவ்வளவுதான். கழுவுவது, தாங்குகால் வெட்டுவது, ஒளியில் இறுக்குவது, தேய்ப்பது, பொதி கட்டுவது எல்லாம் கை வேலை. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் போட்டால் 600 மணி நேரம், அதாவது நாளுக்கு எட்டு மணி நேரம் வேறெதுவும் செய்யாமல் இன்னொரு 75 நாள். இடையில் மின்சாரம் போனால் அந்தத் தட்டில் இருக்கும் எட்டும் குப்பை.

அடுத்தது குளிர். இந்த ரெசின் 20 பாகைக்குக் கீழே தடித்துப் போகும், படலம் ஒட்டாது, பாதியில் உருவம் தட்டிலிருந்து கழன்று விழும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான். ஹட்டனில் அதைவிடக் கொஞ்சம் கூட இருந்தாலும், ஜூன், ஜூலை மழையில் இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். யூடியூபில் காட்டுகிறவர்கள் சூடேற்றிய அறையில் வைத்துக் காட்டுகிறார்கள். இங்கே ரெசின் போத்தலை வெந்நீரில் வைத்து எடுக்க வேண்டும், இயந்திரத்தை மூடிச் சூடேற்ற வேண்டும்.

லயத்துக்குள் வைப்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். ஒரு காம்பிராவும் (அறையும்) இஸ்தோப்பும் (திண்ணையும்) உள்ள இடத்தில் சமையல், படுக்கை, பிள்ளைகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். இறுகாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், வந்தால் பெரும்பாலும் போகாது. நைற்றைல் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, காற்றோட்டம் வேண்டும். கழுவும் ஐசோப்ரொபைல் அல்ககோல் எளிதில் தீப்பற்றும், லயத்தில் தீ பிடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது. கழுவிய நீரைக் கானில் (வடிகாலில்) ஊற்றினால் அது நேரே ஓடைக்குப் போகும், கீழ்க் கணக்கில் (தோட்டத்தின் கீழ்ப் பிரிவில்) இருப்பவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் பீலியில் பிடிக்கிறார்கள். ரெசின் கலந்த எதையும் ஒளியில் வைத்து இறுக வைத்து, கட்டியாக்கித்தான் குப்பையில் போட வேண்டும். தொழில் செய்தே தீருவேன் என்றால் டவுனில் தனி அறை எடுத்த பிறகு செய்யுங்கள்.

அப்படியானால் என்ன விற்பது? உருவத்தின் கம்ப்யூட்டர் கோப்பையே, ஃபைலையே, விற்கலாம். உங்களிடம் ஏற்கெனவே இருப்பது அதுதான். வெளிநாடுகளில் வீட்டில் ரெசின் பிரிண்டர் வைத்திருக்கும் விளையாட்டுக்காரர்கள் நிறைய. அவர்கள் எஸ்டிஎல் என்ற முப்பரிமாண உருவக் கோப்பை வாங்கித் தாங்களே அச்சிடுகிறார்கள். ரெசின் அவர்களுடையது, மின்சாரம் அவர்களுடையது, தபாலே இல்லை. மைமினிபேக்டரி போன்ற தளங்கள் இதற்காகவே இருக்கின்றன. பேட்ரியனில் மாதச் சந்தாவுக்கு நான்கைந்து புதிய உருவங்கள் தரும் சிற்பிகளும் பலர். பேட்ரியன் பணத்தைப் பேயோனியர் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக இலங்கை வங்கிக் கணக்குக்கு எடுக்கலாம். பேபாலை நம்பித் திட்டம் போடாதீர்கள், அதில் இங்கிருந்து பணம் செலுத்துவதற்கும் இங்கே பணம் பெறுவதற்கும் உள்ள வித்தியாசத்தில் பலர் மாட்டியிருக்கிறார்கள்.

கோப்பு விற்பதற்கும் ஒரு பிரிண்டர் வேண்டும், ஒன்றே ஒன்று. விற்கும் ஒவ்வொரு உருவத்தையும் நீங்களே அச்சிட்டுப் பார்த்திருக்க வேண்டும். திரையில் அழகாக இருக்கும் வாள் அச்சில் முடியளவு மெலிந்து ஒடிந்துபோகும். கிக்ஸ்டார்ட்டரும் பொருள் திட்டங்களுக்குச் செய்து முடித்த மாதிரியைக் கேட்கிறது, திரையில் வரைந்த படத்தைப் பொருள் போலக் காட்ட விடாது. அந்த ஒரு பிரிண்டரை உங்கள் சம்பளத்தில் சேர்த்து வாங்குங்கள், அல்லது கண்டியிலோ கொழும்பிலோ அச்சிட்டுக் கொடுப்பவரிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து அடியுங்கள்.

இனி மாமா மகன். கிக்ஸ்டார்ட்டரில் போடுபவர் அனுமதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்றில் வசிப்பவராக, அங்கே வங்கிக் கணக்கு உள்ளவராக இருக்க வேண்டும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை என்பது சரி. ஆனால் பெயரை மட்டும் இரவல் வாங்கினால் 13,740 பவுணும் அவர் கணக்கில் விழும், அந்த நாட்டு வரிக்காரர்களுக்கு அது அவருடைய வருமானம். பொருள் தாமதமானால் 300 பேரும் திட்டுவது அவரைத்தான். ஒரு குடும்பத்தில் பேச்சு வார்த்தை நின்றுபோக இது தாராளமாகப் போதும். அவருக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் பங்காளியாகச் சேருங்கள். அங்கே ஒரு சிறு கம்பனி, யாருக்கு எவ்வளவு பங்கு, யார் என்ன வேலை, நின்றுபோனால் கடன் யாருக்கு என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். மாமா முன்னால் பேசி முடித்தால் போதாது.

அப்படிப் பங்காளியானால் ஒரு பெரிய வசதி உண்டு. இங்கிலாந்தில் நொட்டிங்காம் வட்டாரத்தில் இந்தத் தொழில் செறிந்து கிடக்கிறது, ஈய வட்டாரம் என்றே அதற்குப் பட்டப்பெயர். மற்றவர்களுக்காக உலோகத்திலும் ரெசினிலும் வார்த்துக் கொடுப்பவர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். ஹட்டனில் நீங்கள் செதுக்குவீர்கள், கோப்பு போகும், அங்கே மூல உருவம் அச்சாகி, இறப்பர் அச்சில் சுழற்றி வார்த்து, அங்கிருந்தே பொதி போகும். இங்கிருந்து ஒவ்வொரு பொதியாக அனுப்பினால் பிரிட்டன் 2021 ஜனவரியிலிருந்து 135 பவுணுக்குக் குறைந்த பொருளுக்கும் விற்பவரே வற் (பெறுமதி சேர் வரி) வசூலிக்க வேண்டும் என்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் சிறு பொதிக்கான வற் விலக்கை எடுத்துவிட்டது, அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29-ல் 800 டொலர் வரை இருந்த வரி விலக்கை நிறுத்திவிட்டது. 50 பவுண் பொதிக்கு இத்தனை நாட்டுச் சுங்கத்தையும் ஒரு தனி ஆள் இங்கிருந்து சமாளிக்க முடியாது.

இப்போது எனக்கு மிகப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய 24 படங்களில் இருபது எங்கும் கிடைப்பவை. நல்ல வேலைதான், ஆனால் ஓர்க்கை ஆயிரம் பேர் செதுக்குகிறார்கள். மிச்ச நான்கை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வில்லை வளைக்கும் பெண். கவ்வாத்துக் கத்தி ஏந்திய கிழவர். தப்படிக்கும் பையன். தேயிலைச் செடிக்குள் பதுங்கும் சிறுத்தை. தம்பி, இவற்றை உலகத்தில் வேறு யாராலும் செய்ய முடியாது. அந்தப் பெண்ணின் இடுப்பில் படங்குச் சாக்கு எப்படிச் சுற்றியிருக்கும், பாரம் ஏறும்போது கழுத்து எப்படி முன்னால் போகும் என்பது உங்களுக்குப் பார்த்துப் பார்த்துத் தெரிந்திருக்கிறது. உங்கள் முதல் தொகுதி இந்த நான்கும் இன்னும் இரண்டும் சேர்ந்து ஆறாக இருக்கட்டும். ஆளுயர அட்டைப்பூச்சி ஒன்று பூதமாக வரலாம். மாசி மாதக் காமன் கூத்தில் வரும் வீரபத்திரன் வேடத்தைப் பாருங்கள், அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளையும் பாருங்கள். உடையும் முடியும் ஆயுதமும் கொட்டிக் கிடக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. ரோதைமுனியும் கவ்வாத்துச்சாமியும் நம்மவர்கள் இன்றும் கும்பிடும் தெய்வங்கள். யாரோ ஒருவர் மேசையில் பகடை உருட்டிக் கொல்லும் பூதமாக அவர்களை விற்காதீர்கள். கூத்தில் தூண்டுதல் பெற்றால் அந்தக் கூத்து மாஸ்டரிடம் போய்ச் சொல்லி, அவர் பெயரைப் போட்டு, வருமானத்தில் ஒரு பங்கும் கொடுங்கள். அதேபோல் உங்கள் பட்டியலிலுள்ள பல கண் கோளப் பூதத்தை எடுத்துவிடுங்கள். பிஹோல்டர் என்ற அந்தப் பூதம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை நடத்தும் நிறுவனம் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஒன்று. ஓர்க், கொப்ளின், டிராகன் யாருக்கும் பொது.

வேலையை விட வேண்டாம். கோப்பு விற்பனைக்கு மாலையும் ஞாயிறும் போதும். ஆறு உருவத்தைப் போட்டு, வாங்கியவர்களின் மின்னஞ்சல் பட்டியலைச் சேருங்கள். தாமாகத் தேடி வந்து வாங்கியவர்கள் இருநூறு பேராவது சேர்ந்த பிறகு கிக்ஸ்டார்ட்டரைப் பற்றிப் பேசலாம். அங்கே இலக்குத் தொகை எட்டாவிட்டால் ஒரு சதமும் வராது, முதல் நாளே வந்து சேர ஆட்கள் இருந்தால்தான் திட்டம் நகரும். அப்போதும் இலக்கைச் சிறிதாக வையுங்கள், கேட்கிறார்கள் என்று உருவங்களைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

வருமானம் வரத் தொடங்கியதும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். இடத்துக்கான ஆவணம் கேட்பார்கள். லயத்து வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லாததால் அங்கேதான் நம் பிள்ளைகள் பலர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்ப வேண்டாம். தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தை ஏற்பார்களா என்று கிராம சேவகரிடம் முன்கூட்டியே கேளுங்கள், இல்லாவிட்டால் டவுனில் உறவினர் ஒருவருடைய கடை முகவரிக்கு அவருடைய எழுத்து மூலமான சம்மதத்தை வாங்குங்கள். அந்த முகவரி பிறகு வங்கிக்கும் உதவும். தோட்ட ஒபீசுக்கு வந்து நாள் கணக்கில் கிடக்கும் கடிதங்களை நம்பித் தொழில் செய்ய முடியாது.

அந்த ஆறில் முதலாவதை அச்சிட்டதும் படம் அனுப்புங்கள். கூடைக்காரப் பெண்ணாக இருந்தால் எனக்கு ஒன்று வேண்டும், விலை கொடுத்து வாங்குகிறேன்.