சுல்தான் ராஹியின் மேல் ஒரு பழி – கடிதம்

அன்புள்ள ஐயா,

2022இல் வெளிவந்த பாகிஸ்தானின் பஞ்சாபிப் படம் ‘தி லெஜண்ட் ஆஃப் மௌலா ஜாட்’ பார்த்தேன். ஃபவாத் கானின் நடிப்பு மிகவும் பிடித்திருந்தது. அந்த ஆர்வத்தில் 1979ஆம் ஆண்டின் ‘மௌலா ஜாட்’டைத் தேடியெடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். இருபது நிமிடங்களுக்கு மேல் தாங்கவில்லை. அதன் கதாநாயகன் சுல்தான் ராஹி ஓயாமல் கத்துகிறார். எழுநூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர் என்கிறார்கள். இவரும் இவர் கையிலிருந்த கோடரியும் சேர்ந்துதான் லாகூர் சினிமாவை அழித்தன என்று பாகிஸ்தானிலேயே எழுதுகிறார்கள். இவரை நல்ல நடிகர் என்று சொல்ல முடியுமா? இவரது படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

இருபது நிமிடம் பார்த்துவிட்டு ஒரு மனிதரின் நாற்பதாண்டு உழைப்புக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். இதே தீர்ப்பைச் சில வாரங்களாக வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டு மனம் கசந்திருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். உங்கள் மேல் கோபமில்லை. தேடிப்போய்ப் பழைய படத்தைப் பார்க்க நினைத்தீர்களே, அந்த ஆர்வம் பலருக்கு இல்லை.

எத்தனை படம், கின்னஸில் என்ன எண் என்பதெல்லாம் எனக்குப் பொருட்டல்ல. பழையதா புதியதா எது சிறந்தது என்ற விவாதத்துக்கும் நான் வரவில்லை. இரண்டுக்கும் வசனம் நாசிர் அதீப்தான். அது தெரிந்தால் போதும். ராஹி கையில் இருப்பது கோடரியும் அல்ல. கண்டாசா, நீண்ட கழியில் பொருத்திய வெட்டுக்கத்தி. பஞ்சாபில் மாட்டுக்குத் தீவனம் நறுக்கும் கருவி அது. கதாநாயகன் கையில் வாளோ துப்பாக்கியோ இல்லாமல் தொழுவத்துக் கருவி ஏன் வந்தது என்று யோசித்தீர்களா?

கத்துகிறார் என்கிறீர்கள். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் துரியோதனன் வந்து முழங்கும்போது, இவர் மிகையாக நடிக்கிறார் என்று எழுந்துபோவீர்களா? வயலுக்கு அப்பால் நிற்கும் எதிரியை அறைகூவி அழைக்கும் முழக்கம் பஞ்சாபில் தலைமுறைகளாக உண்டு. படக் என்பார்கள். ராஹி அதைத்தான் திரைக்குக் கொண்டுவந்தார். ‘மௌலா ஜாட்’டில் அவருக்கு எதிரே வில்லன் நூரி நத்தாக நிற்கும் முஸ்தபா குரேஷியைக் கவனியுங்கள். சிந்தி பேசும் குடும்பத்தில் பிறந்தவர், அடித்தொண்டையில் மெல்லப் பேசுகிறார். அவர் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த இவர் உயர்த்துகிறார். ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை. முழங்குவதற்கு முன்னால் ராஹியின் உடல் ஒரு கணம் அசையாமல் நிற்பதையும் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது தோள்கள் மேலேறும், கண் இமைக்காது. அப்புறம்தான் குரல் வரும். அந்த அளவை அவர் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1956இல் ‘பாகி’ படத்தின் துணை நடிகர் கூட்டத்தில் ஒருவராக நின்றவர். 1972இல் அஸ்லம் தார் இயக்கிய ‘பஷீரா’ வரும்வரை அடியாளாகவும் வில்லனாகவும் காத்துக் கிடந்தவர்.

தொண்ணூறுகளில் நான் ஷார்ஜாவில் வேலை பார்த்தேன். எங்கள் குடியிருப்பில் குஜ்ரன்வாலா பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் இருந்தார். தண்ணீர் லாரி ஓட்டுபவர், என்னைவிட மூத்தவர், பாயி என்றுதான் அழைப்போம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் ராஹியின் படம் ஒன்றை வீடியோவில் ஓடவிடுவார். சண்டைக் காட்சி வந்தால் ரொட்டி சுட அடுப்படிக்குப் போய்விடுவார். ஜமீன்தாரின் முன்னால் ராஹி நிமிர்ந்து நின்று பேசும் இடம் வந்தால் மட்டும், மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்து நின்றபடியே பார்ப்பார். ஏன் அந்தக் காட்சி மட்டும் என்று ஒருமுறை கேட்டேன். “எங்கள் ஊரில் அந்த வாசலில் நின்று என் அப்பா வாய் திறந்ததே இல்லை” என்றார்.

1996 ஜனவரி 9 அன்று, இஸ்லாமாபாதிலிருந்து லாகூருக்குத் திரும்பும் வழியில் குஜ்ரன்வாலா அருகே ராஹியின் வண்டி டயர் பழுதாகி நின்றது. கொள்ளையர்கள் அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். செய்தி வந்த அன்று பாயி லாரியை எடுக்கவில்லை. எங்கள் ஊர்ச் சாலையில், எங்கள் ஊர்ச் சாலையில் என்று சொல்லிச் சொல்லி அழுதார். கொன்றவர்களின் வெட்கத்தையும் சேர்த்துத் தான் சுமப்பதுபோல.

அந்த மனிதரைத்தான் உங்கள் விமர்சகர்கள் ரசனை இல்லாதவர் என்கிறார்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

லாகூர் சினிமாவை ராஹி அழித்தாராம். 1971இல் கிழக்கு பாகிஸ்தான் பிரிந்தபோது டாக்கா, சிட்டகாங் அரங்குகள் உருதுப் படங்களுக்கு ஒரேயடியாக இல்லாமல் போயின. அது ராஹியின் வேலையா? 1977இல் ராணுவத் தளபதி ஜியா உல் ஹக் ஆட்சியைப் பிடித்தார். தணிக்கையை இறுக்கினார். பட்டம் பெற்றவர்தான் படம் தயாரிக்கலாம் என்று விதி வந்தது. அதையும் கண்டாசாதான் செய்ததா? 1965 போருக்குப் பின் அரங்குகளில் தடை செய்யப்பட்ட இந்திப் படங்கள் வீடியோ கேசட்டில் வீடு தேடி வந்தன. நடுத்தரக் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றைப் பார்க்கத் தொடங்கின. வீடியோ வாங்க வழியில்லாத குத்தகை விவசாயியும் கூலியாளும் குதிரைவண்டிக்காரரும் மட்டுமே அரங்குகளுக்கு மிஞ்சினார்கள். அவர்களுக்காக நடிக்க ஒருவர் இருந்தார். ஒரு ஸ்டுடியோவில் ஒப்பனை கலையும் முன் அடுத்த ஸ்டுடியோவுக்கு ஓடினார். 1981 ஈத் பெருநாளில் அவர் நடித்த ஐந்து படங்கள் ஒரே நாளில் வெளியாயின. அரங்குகளில் விளக்கு எரிந்ததே அதனால்தான்.

வன்முறை என்பார்கள். ‘மௌலா ஜாட்’ வந்தது 1979 பிப்ரவரி. கசையடி போன்ற தண்டனைகளைக் கொண்டுவந்த ஹுதூத் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டதும் அதே பிப்ரவரி. ஏப்ரல் 4 அன்று ராவல்பிண்டி சிறையில் முன்னாள் பிரதமர் புட்டோவைத் தூக்கிலிட்டார்கள். பொதுவெளியில் மேடை போட்டுக் கசையடி கொடுத்த ஆட்சி அது. அந்த அரசுதான் இந்தப் படத்தில் வன்முறை மிகுதி என்று தடை செய்ய வந்தது. தயாரிப்பாளர் சர்வர் பட்டி நீதிமன்ற ஆணை வாங்கி ஓட்டினார். தெருவில் அரசு அடிப்பதைப் பார்த்துவிட்டு அரங்குக்குள் வந்தவன், தன்னைப் போன்ற ஒருவன் திருப்பி அடிப்பதைக் கண்டு கைதட்டினான். அவனைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். மௌலா என்ற பாத்திரத்தின் வேர் அஹ்மத் நதீம் காஸ்மியின் ‘கண்டாசா’ என்ற உருதுச் சிறுகதை. அதன் முடிவில் மௌலா யாரையும் வெட்டாமல் அழுகிறான். 1975இல் ‘வஹ்ஷி ஜாட்’டில் தொடங்கிய திரை மௌலாவோ ஆயுதமே உருவானவன். அந்தக் கண்ணீர் திரைக்கு வராதது பெரிய இழப்பு. ராஹியால் அதை நடித்திருக்க முடியும். ‘பஷீரா’வைப் பாருங்கள், தெரியும். அவரிடம் அதைக் கேட்கத்தான் ஆள் வரவில்லை.

அவர்தான் நோய் என்றால் 1996க்குப் பிறகு உடம்பு தேறியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. அவரை நம்பித் தொடங்கிய படங்கள் பாதியில் நின்றன. பஞ்சாபிப் படத் தயாரிப்பு சரிந்தது. அரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பல ஆண்டுகள் கழித்துப் பாகிஸ்தான் சினிமா எழுந்தது நகரத்து வணிக வளாகங்களில். அங்கே டிக்கெட் விலை லாரி ஓட்டுபவருக்கு எட்டாது. அவர்களை அரங்கிலிருந்து துரத்தியது யார் என்று விசாரியுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.