பாஸ்போர்ட் குரோஷியா, குடும்பப் பெயர் 'இச்': இவர் உண்மையான இத்தாலியரா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் குரோஷியாவில் வேலை பார்க்கிறார். கூட வேலை செய்யும் ஒருவர் தன்னை இத்தாலியர் என்கிறார். ஆனால் அவருடைய குடும்பப் பெயர் குரோஷியர் போன்ற ஸ்லாவிய இனத்தாரின் பெயரைப் போல 'இச்' என்று முடிகிறது, பாஸ்போர்ட் குரோஷியாவுடையது, இத்தாலியில் அவர் வசித்ததே இல்லை. "இவர் உண்மையான இத்தாலியரா, இல்லை பெருமைக்காகச் சொல்கிறாரா?"

உண்மையான இத்தாலியர்தான். இந்த ஒரு வரியோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே கேள்வியை என் கணவர் வீட்டாரிடம் எத்தனையோ பேர், எத்தனையோ தொனியில் கேட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தில். அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையத்துக்கு ஆராய்ச்சிக்காக வந்தேன், கல்யாணமாகி இங்கேயே தங்கிவிட்டேன். கணவரின் ஊர் குரோஷியாவில், இஸ்த்ரியா தீபகற்பத்தின் தெற்கே, புலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் வோத்ன்யான். இத்தாலி மொழியில் அதற்குத் தின்யானோ என்று பெயர். நீங்கள் அநேகமாக ரொவீன் பக்கம் ஏதோ ஹோட்டலில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கேதான் வருகிறார்கள். அப்படியென்றால் ரொவீனுக்குக் கீழே ரொவிஞ்ஞோ, புலாவுக்குக் கீழே போலா, பொரேச்சுக்குக் கீழே பரென்ஸோ என்று பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை சுற்றுலாப் பயணிகளுக்காக வைத்தவை அல்ல. அந்த ஊர்களில் இத்தாலி மொழிக்கும் ஆட்சிமொழித் தகுதி உண்டு. கிண்டர்கார்டனிலிருந்து மேல்நிலை வரை இத்தாலி வழிப் பள்ளிகள் இருக்கின்றன. ரியேகாவிலிருந்து 'லா வோச்சே தெல் போப்போலோ' என்ற நாளிதழ் இத்தாலி மொழியில் வருகிறது. குரோஷிய நாடாளுமன்றத்தில் இத்தாலியச் சிறுபான்மையினருக்கென்று ஒரு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெருமைக்காகச் சொல்லிக்கொள்கிறவர்களுக்கு யாரும் இதையெல்லாம் கொடுக்க மாட்டார்கள்.

சரி, அந்த 'இச்' விஷயத்துக்கு வருகிறேன். என் மாமியாருக்குப் பிறந்த வீட்டுப் பெயரும் 'இச்' என்றுதான் முடியும். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் நினைவு தெரிந்த காலத்திலிருந்து பேச்சு வெனிஸ் வழக்கு இத்தாலிதான். அவருடைய அம்மா அதற்கும் பழைய இஸ்த்ரியோத் மொழி பேசினவர், அதை இன்று வோத்ன்யான், ரொவீன் மாதிரி சில ஊர்களில் வயதானவர்கள் மட்டும்தான் பேசுகிறார்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்றால், வெனிஸ் குடியரசு 1797 வரை பல நூற்றாண்டுகள் இந்தக் கரையை ஆண்டது. பிளேக்கிலும் போரிலும் ஊர்கள் காலியானபோது, துருக்கியரிடமிருந்து தப்பி ஓடிவந்த ஸ்லாவியக் குடும்பங்களை வெனிஸே கூட்டிவந்து குடிவைத்தது. வோத்ன்யானுக்கு அடுத்த பெரோய் கிராமத்தில் 1657இல் மாண்டிநீக்ரோவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். வந்தவர்கள் பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். ஊருக்குள் இருந்தவர்கள் வீட்டில் இத்தாலி நிலைத்தது, கிராமத்துக்குப் போனவர்கள் வீட்டில் குரோஷிய மொழி நிலைத்தது. உள்நாட்டுக் கிராமங்களில் வெனிஸ்காரப் பெயர் வைத்திருக்கும் சுத்தமான குரோஷியர்களையும் பார்க்கலாம். 1910இல், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட ஆஸ்திரிய அரசு கணக்கெடுத்தபோது, இஸ்த்ரியாவில் சுமார் 43 சதவீதம் பேர் குரோஷிய மொழியும் 38 சதவீதம் பேர் இத்தாலியும் 14 சதவீதம் பேர் ஸ்லோவேனிய மொழியும் பேசுவதாகப் பதிவானது. அவர்கள் கேட்டது அன்றாடம் பேசும் மொழியை. பெயரின் கடைசி எழுத்தை வைத்து யாரும் முடிவு செய்யவில்லை.

அந்த வேலையைப் பிறகு வந்த இரண்டு அரசுகள் செய்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு இஸ்த்ரியா இத்தாலிக்குப் போனது. முசோலினி ஆட்சி ஸ்லாவியப் பெயர்களை இத்தாலியப் பெயர்களாக்க ஆணை போட்டது, 1927இல் அது இஸ்த்ரியாவுக்கும் வந்தது. மாமியாரின் தாத்தா பெயரிலிருந்து அந்த 'இச்' வெட்டப்பட்டது. அவர் இத்தாலி பேசுகிற ஆள், தன்னை இத்தாலியர் என்று நினைத்த ஆள், ஆனாலும் அப்பன் பெயரை யாரோ ஒரு குமாஸ்தா வெட்டினானே என்று சாகும்வரை புழுங்கினாராம். இரண்டாம் போருக்குப் பிறகு 1947 பாரிஸ் ஒப்பந்தப்படி இஸ்த்ரியாவின் பெரும்பகுதி யூகோஸ்லாவியாவுக்குப் போனது, குரோஷியா அப்போது அதன் ஒரு பகுதி. வெட்டின 'இச்' திரும்பி வந்தது. திரும்பி வந்ததோடு விட்டார்களா? 1953இல், 'இச்' பெயருள்ள பிள்ளைகள் எல்லாம் உண்மையில் குரோஷியப் பிள்ளைகள்தான் என்று சொல்லி, அவர்களை இத்தாலிப் பள்ளிகளிலிருந்து எடுத்துக் குரோஷியப் பள்ளிகளில் சேர்க்கச் சொல்லி ஆணை வந்தது. மாமியாரின் அண்ணனுக்கு அப்போது பத்து வயது. குரோஷிய மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது. வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன், அதன்பின் படிப்பே வேண்டாம் என்று புலா கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்குப் போனார். இன்றைக்கும் அதைப் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அதனால்தான் "பெயர் இச் என்று முடிகிறதே" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கொதிக்கிறது. நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று தெரியும். ஆனால் இதே வாதத்தைச் சொல்லித்தான் ஒரு பத்து வயசுப் பையனை வகுப்பிலிருந்து எழுப்பினார்கள்.

இதைப் படித்ததும் "ஃபாசிஸ்டுகள் செய்ததை ஏன் மென்று விழுங்குகிறீர்கள்" என்று கருத்துப் பகுதியில் வருவார்கள் என்று தெரியும். விழுங்கவில்லை. இத்தாலிய ஆட்சியில் குரோஷிய, ஸ்லோவேனியப் பள்ளிகள் மூடப்பட்டன. 1920இல் திரியெஸ்தேயில் ஸ்லோவேனியர்களின் பண்பாட்டு மையமான நரோத்னி தோம் கட்டடம் கொளுத்தப்பட்டது. போர்க்காலத்தில் ராப் தீவில் இத்தாலிய ராணுவம் முகாம் வைத்து ஸ்லாவிய மக்களைப் பட்டினியில் சாகவிட்டது. என் மாமனார் இஸ்த்ரியாவின் உள்நாட்டு ஊரான பாஸின் பக்கத்துக் குரோஷியர், அவர் அப்பா பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கினவர். இன்னொரு கூட்டம் "ஃபோய்பே பற்றிச் சொல்லவில்லையே" என்று வரும். 1943இலும் 1945இலும் யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்டுத் தலைவர் டிட்டோவின் ஆட்கள் சில ஆயிரம் பேரைக் கொன்றார்கள், பலரை ஃபோய்பே எனப்படும் சுண்ணாம்புப் பாறைக் குழிகளில் தள்ளினார்கள். அதுவும் உண்மை. இரண்டையும் ஒரே சாப்பாட்டு மேசையில் கேட்டு வாழ்கிற மருமகள் நான், எனக்கு எந்தப் பக்கமும் வக்காலத்து வாங்கும் வேலை இல்லை.

போரின் முடிவிலிருந்து 1950கள் வரை இஸ்த்ரியா, ரியேகா, தல்மேஷியக் கரையிலிருந்து ஊரைவிட்டுப் போனவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். புலாவில் 1947 குளிர்காலத்தில் ஏறத்தாழ ஊரே காலியானது, 'தொஸ்கானா' என்ற கப்பல் நடை நடையாக வந்து ஏற்றிப்போனது. கார் பந்தய வீரர் மரியோ ஆன்ட்ரெட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அவரும் இஸ்த்ரியாவின் மொன்தோனாவில் பிறந்தவர். குடும்பம் 1948இல் வெளியேறி இத்தாலியில் லுக்கா நகர அகதி முகாமில் பல வருடம் இருந்தது. போனவர்கள் கொண்டுவந்த நாற்காலி, அலமாரி எல்லாம் திரியெஸ்தே பழைய துறைமுகக் கிடங்கில் பெயர் எழுதி அடுக்கிவைத்தபடி பல்லாண்டு கிடந்தன. மாமியாரின் பெரியப்பா குடும்பம் அப்படிப் போனது. மாமியாரின் அப்பாவும் போவதற்காக இத்தாலியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார். உன் பெயர் ஸ்லாவியப் பெயர், நீ இத்தாலியன் இல்லை என்று யூகோஸ்லாவிய அதிகாரிகள் நிராகரித்துவிட்டார்கள். அப்புறம் கிழவியையும் ஒலிவத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

என் குடும்பத்தின் பெரிய காயம் இதற்குப் பிறகு வந்தது. போன பெரியப்பாவின் பிள்ளைகள் திரியெஸ்தேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் பல வருடம் மாமியாரிடம் பேசவில்லை. ஏனென்றால் அவர் கணக்கில், ஊரிலேயே இருந்துவிட்டவர்கள் எல்லாம் டிட்டோவின் கம்யூனிஸ்டுகள், இத்தாலியை விற்றவர்கள். குரோஷியப் பக்கமோ 1990களில் ஒரு கடைக்காரர் மாமியாரிடம், இத்தாலி பேசவேண்டுமென்றால் இத்தாலிக்குப் போ என்றாராம். விண்ணப்பம் போட்டும் போகமுடியாமல் போன ஒரு மனிதரின் மகளுக்கு இரண்டு பக்கமும் கிடைத்த பட்டம் இது.

இப்போது 2021 கணக்கெடுப்பு. அந்த வாரம் நாங்கள் ஊரில் இருந்தோம். எழுத வந்த பெண் சமையலறை மேசையில் உட்கார்ந்து தேசிய இனம் என்ன என்று கேட்டாள். மாமனார் "குரோஷியர்" என்றார். மாமியார் "இத்தாலியர்" என்றார். கணவரின் தம்பி "இஸ்த்ரியர்" என்றார். அப்படியும் சொல்லலாம், 2011இல் இஸ்த்ரியா மாவட்டத்தில் 25,000 பேருக்கு மேல் அப்படித்தான் எழுதினார்கள். மாமனாருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவருக்கு இதில் குழப்பமே இல்லை. மாமியாருக்குத்தான் முகம் வாடிவிட்டது. எழுத வந்தவள் போனபிறகு மகனிடம் சொன்னார்: "நீ இத்தாலிப் பள்ளியில் படித்தவன். உன்னை எண்ணினால்தானே அந்தப் பள்ளிக்கூடம் நிற்கும்?" கொழுந்தனும் விடவில்லை: "அம்மா, நான் அப்பாவுக்கும் மகன்." அன்று சாப்பாட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. இரண்டு பேர் சொன்னதும் நியாயம். 1991இல் குரோஷியாவில் தன்னை இத்தாலியர் என்று எழுதியவர்கள் 21,303. 2011இல் 17,807. 2021இல் 13,763. இந்தக் குறைவில் செத்துப்போனவர்கள் உண்டு, வேலைக்கு வெளிநாடு போனவர்கள் உண்டு, என் கொழுந்தன் போல அப்பாவையும் விட்டுக்கொடுக்காதவர்களும் உண்டு. கலப்புக் கல்யாணத்தால் இனம் அழிகிறது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த இத்தாலிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் ஏராளமானோர் கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். அவர்கள் வராவிட்டால் பல வகுப்புகளைப் பூட்டவேண்டியிருக்கும். என் மகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "இவள் எதில் பாதி?" என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

உண்மையில் அந்த மொழியை எது அரிக்கிறது என்று கேட்டால், வீட்டு வாடகையைச் சொல்வேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், இருந்தாலும் சொல்லாமல் விடமுடியாது. கணவரின் சித்தி மகள் கடற்கரை ஊர் ஒன்றில் இத்தாலி கிண்டர்கார்டன் ஆசிரியை. வீட்டுக்காரர் செப்டம்பரிலிருந்து மே வரைக்கும்தான் வீடு தருவார். ஜூனில் சாமானைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் கோடையில் ஒரு வாரத்துக்கு ஜெர்மன்காரர்கள் தருவது அவளுடைய ஒரு மாத வாடகையைவிட அதிகம். பழைய நகரத் தெருக்களில் வெனிஸ் வழக்குப் பேசிய வீடுகள் எல்லாம் சாவிப்பெட்டி மாட்டிய விடுதிகளாகிவிட்டன. ரொவீனின் பாரம்பரிய மீன்பிடிப் படகான பத்தானாவின் பண்பாட்டைக் காக்கும் முயற்சிக்கு 2016இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது, நல்லது. அந்தப் படகுப் பாட்டைப் பாடுகிற குடும்பங்கள் அந்தத் தெருவிலேயே குடியிருக்க முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே ஹோட்டல் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கும் அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருக்கும்.

பாஸ்போர்ட்டையும் கேட்டிருந்தீர்கள். குரோஷியக் குடியுரிமை இருப்பது அவர் இத்தாலியர் என்பதற்கு எந்த விதத்திலும் முரண் இல்லை. யூகோஸ்லாவியாவுக்குக் கொடுக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்து இத்தாலியக் குடியுரிமையை இழந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் அதைத் திரும்பப் பெற 2006இல் இத்தாலி தனிச்சட்டம் கொண்டுவந்தது, நிறையப் பேர் இரண்டும் வைத்திருக்கிறார்கள். மாமியார் அப்படித்தான் வாங்கினார், தன் அப்பாவுக்கு மறுக்கப்பட்டது தனக்காவது வரட்டும் என்று. அவருடைய அண்ணன் விண்ணப்பிக்கவே இல்லை. தான் இத்தாலியன் என்பதை இன்னொரு அலுவலகத்தில் போய் நிரூபிக்கமாட்டேன் என்றுவிட்டார். உங்கள் நண்பரும் அப்படிப்பட்டவராக இருக்கலாம். அவர் எந்த ஊர், வீட்டில் என்ன பேசுவார்கள் என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.