ஏர் ஃப்ரையரில் பூத்த வெங்காயம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் ஸ்டேக்ஹவுஸ் எனப்படும் இறைச்சி உணவகத்துக்குப் போனவர்களுக்கு இந்தப் பண்டம் தெரிந்திருக்கும். பெரிய வெங்காயம் ஒன்றை அடிவேர் மட்டும் விட்டு இதழ் இதழாகக் கீறி, மசாலா மாவில் புரட்டி, எண்ணெயில் முழுசாக மூழ்கவிட்டுப் பொரித்து, நடுவில் காரமான சாஸோடு மேசைக்குக் கொண்டுவருவார்கள். 1988-ல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் தொடங்கிய அவுட்பேக் ஸ்டேக்ஹவுஸ் இதை 'ப்ளூமின் ஆனியன்' என்று நாடு முழுக்கப் பிரபலமாக்கியது, டெக்சஸ் ரோட்ஹவுஸ் என்ற இன்னொரு உணவகத்தில் இதே வகைப் பண்டத்துக்கு 'கேக்டஸ் பிளாசம்' என்று பெயர். ருசி பிரமாதம், ஆனால் சாஸோடு சேர்த்தால் ஒரு தட்டு 1500 கலோரியைத் தாண்டிவிடும். அதையே வீட்டில் கொஞ்சம் எண்ணெயில் செய்யலாமா என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, டல்லாஸிலிருந்து எழுதுகிறேன். பஜ்ஜி மாவு மாதிரி கரைத்து வெங்காயத்தை முக்கி ஏர் ஃப்ரையரில் வைத்தேன். மாவெல்லாம் கூடையின் ஓட்டை வழியாக ஒழுகிவிட்டது, வெங்காயம் வெந்து குழைந்துவிட்டது. மெஷின் கோளாறா?

மெஷினில் ஒன்றும் இல்லைம்மா. கரைத்த மாவு ஏர் ஃப்ரையருக்கு ஆகவே ஆகாது, எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் சரி. காய்ந்த எண்ணெயில் மாவு விழுந்த நொடியிலேயே சுற்றிலும் சூடு ஏறி, மேல்தோல் இறுகிவிடும், அதனால் உள்ளே இருக்கும் மாவு வழிய நேரமே இருக்காது. ஏர் ஃப்ரையருக்குள் இருப்பது மேலே ஒரு சூடாகும் கம்பியும் ஒரு விசிறியும்தான். காற்று எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் எண்ணெய் கொடுக்கிற வேகத்தில் அதனால் சூட்டைக் கொடுக்க முடியாது, அந்த இடைவெளியில் மாவு ஒழுகிவிடுகிறது, மிச்சம் இருப்பதை விசிறிக்காற்று ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது.

அதனால் இதில் மொறுமொறுப்பு வர இரண்டு விஷயம் நடந்தாக வேண்டும். வெங்காயம் ஈரமில்லாமல் உள்ளே போக வேண்டும், மாவுக்குத் தேவையான எண்ணெயை நாமே முன்கூட்டி அதன் மேல் போட்டிருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் மற்றவர்களுக்கு நான் சொல்லப்போகிற பாதி பதில்கள் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

செய்முறை இது. அரை கப் மைதா, இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, ஒரு மேசைக்கரண்டி பாப்ரிகா (இல்லாவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள்), ஒரு தேக்கரண்டி பூண்டுத்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சீரகத்தூள், கொஞ்சம் உலர்ந்த ஆரிகானோ, கொஞ்சம் உப்பு, எல்லாவற்றையும் கலந்துகொள்ளுங்கள். அரிசி மாவையும் கார்ன்ஃப்ளாரையும் விட்டுவிடாதீர்கள், மைதா மட்டும் போட்டால் மேல்தோல் ரொட்டி மாதிரி கெட்டியாக வரும். இன்னொரு பாத்திரத்தில் ஒரு முட்டையையும் கால் கப் பாலையும் அடித்துக்கொள்ளுங்கள். ஈரம் போன வெங்காயத்தில் முதலில் உலர்ந்த மாவு, அப்புறம் முட்டை, மறுபடி மாவு. ஒவ்வொரு இதழுக்கும் நடுவில் மாவு போக வேண்டும், விரலால் விரித்துவிட்டுத் தூவுங்கள், அடுத்து தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டு தட்டினால் அதிகப்படி மாவு உதிர்ந்துவிடும். இருபது நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். இந்த இருபது நிமிஷத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், தயவுசெய்து தாண்டாதீர்கள். பிறகு எண்ணெயை எல்லாப் பக்கமும், இதழ்களின் உள்பக்கமும் படுகிற மாதிரி ஸ்ப்ரே செய்து, சூடேற்றிய ஏர் ஃப்ரையரில் வையுங்கள். சூட்டையும் நேரத்தையும் மூன்றாவது கேள்வியில் சொல்கிறேன்.

எனக்கு வெட்டும்போதே வெங்காயம் உதிர்ந்து போய்விடுகிறது. உணவகத்தில் மட்டும் எப்படிப் பூ மாதிரி நிற்கிறது?

உணவகங்களில் பலவற்றில் இதற்கென்றே ஒரு வெட்டும் கருவி வைத்திருப்பார்கள், ஒரே அழுத்தில் வேலை முடிந்துவிடும். நமக்குக் கத்தி போதும். நுனிப்பக்கம் அரை அங்குலம் சீவிவிட்டுத் தோலை உரியுங்கள், வேர்ப்பக்கம் தொங்கும் முடியை மட்டும் எடுங்கள், வேரை வெட்டக் கூடாது, இதழ்களைப் பிடித்துவைத்திருப்பதே அதுதான். சீவிய பக்கம் பலகையில் படும்படி கவிழ்த்து வைத்து, வேரிலிருந்து அரை அங்குலம் தள்ளிக் கத்தியை வைத்து நேராகக் கீழே பலகை வரை இறக்குங்கள். முதலில் நான்கு திசைக்கு நான்கு வெட்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்று என்று எட்டு, பெரிய வெங்காயமாக இருந்தால் பதினாறு. சின்ன வெங்காயத்தில் பதினாறு போட ஆசைப்பட்டால் இதழ் கயிறு மாதிரி மெலிந்து கருகிவிடும்.

அப்படியே ஐஸ் போட்ட தண்ணீரில் அரைமணி நேரம் போட்டால் இதழ் தானாக விரியும், காரமும் ஓரளவு குறையும். எடுத்தபின் கவிழ்த்து வைத்து நன்றாக வடியவிடுங்கள், துணியால் இதழ்களின் நடுவிலும் ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே வெங்காயத்தின் எடையில் ஏறக்குறைய 89 சதவீதம் தண்ணீர்தான், அதற்கு மேல் நாம் ஊறவைத்த தண்ணீரும் சேர்ந்தால் மாவு பிசுபிசுத்துப் போகும்.

இதழ் நுனியெல்லாம் கருகிவிடுகிறது, நடுப்பகுதி பச்சையாகவே இருக்கிறது. என்ன செய்வது?

சூடு மேலிருந்து வருகிறது, விரிந்த இதழின் நுனி அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது, நடுப்பகுதிக்குக் காற்றே போவதில்லை. 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தால் வேறெப்படி ஆகும்! முதல் பத்து நிமிஷம் 325-ல் (சுமார் 165 செல்சியஸ்) வைத்து உள்ளே வேகவிடுங்கள். பிறகு திறந்து, வெள்ளையாகத் தெரியும் இடங்களில் மட்டும் மறுபடி கொஞ்சம் எண்ணெய் தெளித்து 375-க்கு (190 செல்சியஸ்) ஏற்றி ஆறிலிருந்து எட்டு நிமிஷம். உங்கள் மெஷின் சின்னது என்றால் ஐந்தாவது நிமிஷத்திலேயே எட்டிப் பாருங்கள்.

ஐஸ் தண்ணீரிலிருந்து எடுத்ததும் நடுவில் இருக்கும் குருத்தை, ஒரு அங்குல அகலத்துக்கு, சின்னக் கத்தியால் எடுத்துவிடுங்கள். அங்கேதான் வேகாமல் நிற்கும். எடுத்த இடத்தில் காற்றும் போகும், பரிமாறும்போது சாஸ் கிண்ணமும் வைக்கலாம். எடுத்த குருத்தை ரசத்துக்கோ சட்னிக்கோ போட்டுக்கொள்ளுங்கள்.

விடாலியா வெங்காயம்தான் வாங்க வேண்டுமா? எங்கள் ஊர் கோயம்புத்தூர், இங்கே பெல்லாரிதான் கிடைக்கும்.

விடாலியா என்பது ஜார்ஜியா மாநிலத்தின் குறிப்பிட்ட சில மாவட்டங்களில் விளைந்தால்தான் அந்தப் பெயரில் விற்க முடியும், அதற்கு 1986-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த மண்ணில் கந்தகம் குறைவு, அதனால் வெங்காயத்தில் காரமும் குறைவு, காரம் குறைந்ததால்தான் இனிப்பு தூக்கலாகத் தெரிகிறது. அமெரிக்காவில் இருப்பவர்கள் அது கிடைக்கும் ஏப்ரல் முதல் கோடைக்காலம் வரை தாராளமாக வாங்கலாம், வாஷிங்டன் மாநிலத்து வாலா வாலாவும் டெக்சஸ் 1015-ம் அதே குணம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை, இந்த இனிப்பு ரகங்களில் நீர் அதிகம், அதனால் வடியவிடும் நேரத்தையும் அதிகமாக்குங்கள். சாதாரண மஞ்சள் வெங்காயம் என்றால் காரம் கொஞ்சம் கூடும், ஆனால் இறுக்கமாக நின்று நன்றாக வறுபடும், எனக்குத் தனிப்பட்ட முறையில் அதுதான் பிடிக்கும்.

பெல்லாரியில் முழுப் பூவுக்கு ஏற்ற அளவு அபூர்வம், அதற்குக் குறைந்தது நான்கு அங்குலக் குறுக்களவு வேண்டும். அதனால் முழுசாகச் செய்யாதீர்கள். நான்காக வெட்டி அடுக்கு அடுக்காகப் பிரித்து இதழ்களாகச் செய்யுங்கள், ஐஸ் தண்ணீரில் கொஞ்சம் கூடுதல் நேரம் போடுங்கள். உண்மையைச் சொன்னால் ஏர் ஃப்ரையருக்கு இதழ்கள்தான் பொருத்தம். எல்லாப் பக்கமும் எண்ணெய் படும், எல்லாப் பக்கமும் காற்றுப் படும், 375-ல் எட்டு நிமிஷத்தில் ஆகிவிடும், பாதியில் ஒரு குலுக்கு. பார்வைக்குத்தான் பூ, வாய்க்கு இதழ்கள்.

எண்ணெய் தெளித்தும் அங்கங்கே வெள்ளை மாவாகவே இருக்கிறது. கடையில் விற்கும் ஸ்ப்ரே டப்பாவைத்தான் பயன்படுத்துகிறேன். கூடையின் பூச்சும் பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

எண்ணெய் படாத மாவு எவ்வளவு நேரம் வைத்தாலும் சிவக்காது, காய்ந்த மாவாகவே இருக்கும், கடித்தால் தொண்டையில் ஒட்டும். ஒரு பெரிய வெங்காயத்துக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் வேண்டும், ஒன்றிரண்டு முறை பீய்ச்சினால் போதாது. அழுத்தம் கொடுத்து அடைத்த சமையல் ஸ்ப்ரேக்கள் பலவற்றில் லெசித்தின் என்ற ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இருக்கும், அது சூட்டில் நான்ஸ்டிக் பூச்சின் மேல் படிந்து பிசினாகிவிடும். பம்ப் வைத்த சாதாரண பாட்டில் ஒன்று வாங்கி அதில் கடலை எண்ணெயோ கனோலாவோ ஊற்றிப் பயன்படுத்துங்கள்.

ஸ்ப்ரேயே பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, இதழ்களுக்கும் வளையங்களுக்கும் அருமையாக வரும். ஒரு கப் பாங்கோ பிரெட் தூளை ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு வாணலியில் பொன்னிறமாக முன்கூட்டியே வறுத்து ஆறவையுங்கள். மைதா, முட்டை, கடைசியாக இந்த வறுத்த தூள். நிறமும் எண்ணெயும் ஏற்கெனவே அதில் இருப்பதால் ஏர் ஃப்ரையருக்கு வெங்காயத்தை வேகவைக்கும் வேலை மட்டும்தான்.

முட்டை சேர்க்க மாட்டோம். மாற்று?

கெட்டி மோர் அரை கப்பில் ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரும் ஒரு மேசைக்கரண்டி கடலை மாவும் கலந்து, கரண்டியின் பின்பக்கம் மெல்லியதாகப் படியும் பதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மோர் தண்ணீராக இருந்தால் மாவு கழன்றுவிடும்.

வெங்காய வளையம் செய்கிறேன். கடித்தால் வெங்காயம் முழுசாக வெளியே வந்துவிடுகிறது, கையில் வெறும் கூடு மட்டும் நிற்கிறது.

ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கத்திலும் கண்ணாடித்தாள் போல ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், நகத்தால் கீறி இழுத்தால் வந்துவிடும். அது வழவழப்பானது, மாவு அதில் பிடிக்காது, வெங்காயத்தின் ஆவியும் அங்கே தங்கி மாவைத் தூக்கிவிடும். உரிக்கப் பொறுமை வேண்டும்தான், ஆனால் வித்தியாசம் முதல் கடியிலேயே தெரியும். அத்துடன் வளையத்தை அரை அங்குலத்துக்கு மேல் தடிமனாக வெட்டாதீர்கள், வெங்காயம் மிருதுவாக வேகாவிட்டால் பல்லில் அறுபடாமல் இழுத்துக்கொண்டு வரும்.

இது நிஜமாகவே லேசானதா, இல்லை நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோமா? வீட்டுக்காரருக்குக் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 350 கிராம் வெங்காயம் சுமார் 140 கலோரி, ஒட்டும் மாவு 250-லிருந்து 300, முட்டையும் பாலும் 100-க்குள், எண்ணெய் ஒன்றரைக் கரண்டி 180. மொத்தம் 700-ஐத் தொடும், நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 175 கலோரி. எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரித்ததோடு ஒப்பிட்டால் நல்ல வித்தியாசம்தான். ஆனால் இது நான்கு பேருக்கான தட்டு என்பதை மறந்து ஒருவரே முடித்தால் லேசும் இல்லை, ஒன்றும் இல்லை.

பலர் கவனிக்காமல் விடுவது சாஸை. சாதாரண மேயோனைஸ் ஒரு மேசைக்கரண்டிக்கு 90-லிருந்து 100 கலோரி, உணவகத்து சாஸில் அடிப்படையே அதுதான். அதற்குப் பதில் கொழுப்பு குறைந்த தயிரைத் துணியில் இரண்டு மணி நேரம் கட்டி வடித்து (அல்லது கிரேக்கத் தயிர்), அரை கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி மேயோனைஸ் மட்டும் ருசிக்குச் சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி கெச்சப், பாப்ரிகா, மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் ஹார்ஸ்ராடிஷ் (காரமான ஒரு வேரின் துருவல்) போட்டுக் கலக்குங்கள். ஹார்ஸ்ராடிஷ் கிடைக்காவிட்டால் கடுகை ஊறவைத்து அரைத்த விழுது கால் தேக்கரண்டி போதும், இரண்டிலும் மூக்கில் ஏறும் காரத்தைக் கொடுப்பது ஒரே பொருள். வீட்டுக்காரருக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதை நான் சொல்லக் கூடாது.

கூடையில் காகிதம் விரிக்கலாமா?

வேண்டாம். கீழிருந்து வர வேண்டிய காற்றை அது அடைத்துவிடும், அடிப்பக்கம் நமத்துவிடும். சூடேற்றும்போது காலிக் காகிதத்தை மட்டும் உள்ளே வைப்பது ஆபத்து, விசிறிக்காற்றில் பறந்து சூடான கம்பியில் ஒட்டித் தீப்பிடிக்கலாம். கூடையில் லேசாக எண்ணெய் தடவினாலே போதும்.

சனிக்கிழமை இருபது பேர் வருகிறார்கள். முன்கூட்டியே செய்துவைக்க முடியுமா?

முழுப் பூவாக இருபது பேருக்குச் செய்ய நினைக்காதீர்கள், ஒரு கூடையில் ஒன்றுதான் போகும், கடைசி வெங்காயம் வரும்போது முதலாவது ஆறிப்போயிருக்கும். இதழ்களாகச் செய்து, பிரெட் தூள் புரட்டி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் இறுகவிட்டு, பிறகு டப்பாவில் போட்டு வையுங்கள். வேண்டும்போது உருகவிடாமல் அப்படியே 375-ல் பத்து நிமிஷம், ஒரே அடுக்காக, குவித்துப் போடாமல். மாவில் உப்பு குறைத்துப் போட்டு மீதியை வெளியே எடுத்ததும் தூவுங்கள், உப்பு முன்னாலேயே அதிகமானால் வெங்காயம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சியதை மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், மறுபடி ஏர் ஃப்ரையரிலேயே 350-ல் மூன்று நிமிஷம் வைத்தால் முறுகலாகிவிடும்.