ஷைனி ஆப்பில் பட்டனை அழுத்தினால் மட்டும் படம் மாற என்ன வழி?

கேள்வி: ஆர்ஸ்டூடியோவில் வரும் மாதிரி ஷைனி ஆப்பை (ஆர் மொழியில் எழுதும் வலை ஆப்) எடுத்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் காத்திருப்பு நேரத்தை ஹிஸ்டோகிராமாகக் காட்டுமே, அதுதான். ‘வரை’ என்று ஒரு பட்டன் சேர்த்து, பட்டனை அழுத்தினால் ஓடும் அப்சர்வ்ஈவென்ட்டுக்குள், படம் வரையும் ரெண்டர்பிளாட்டை வைத்தேன். பட்டனை முதல்முறை அழுத்தும் வரை படம் வருவதில்லை, சரி. அதன்பிறகு பின்களின் (பட்டைகளின்) எண்ணிக்கைக்கான ஸ்லைடரை நகர்த்தினாலே படம் மாறிவிடுகிறது. எங்கே தப்பு?

பதில்: ஷைனி பழகுகிறவர்களில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ரெண்டர்பிளாட் ஒருமுறை ஓடி முடிந்துவிடும் கட்டளை அல்ல. ஓடும்போது எந்தெந்த இன்புட்டைப் படித்தோம் என்று குறித்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று மாறினாலும் தானாக மறுபடி ஓடும். நீங்கள் பட்டனை அழுத்தியதும் அந்த ஏற்பாடு உருவாகிவிடுகிறது. அதற்குள் ஸ்லைடரின் மதிப்பான இன்புட்$பின்ஸ் இருப்பதால், அப்புறம் அது ஸ்லைடர் சொன்னபடி ஆடும். அப்சர்வ்ஈவென்ட் தன் உள்ளே இருப்பதை ஐசோலேட் செய்யும், அதாவது உள்ளே படித்த இன்புட் மாறினாலும் மறுபடி ஓடாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காப்பு, உள்ளே உருவாகும் ரெண்டர்பிளாட்டுக்குச் செல்லாது.

ஆகவே முதலில் ரெண்டர்பிளாட்டை வெளியே எடுங்கள். அது சர்வர் ஃபங்ஷனின் மேல்மட்டத்திலேயே இருக்கட்டும். பிறகு, பட்டனை அழுத்தும்போது மட்டும் மதிப்பைப் புதுப்பிக்கும் ஈவென்ட்ரியாக்டிவ்வால் மதிப்பைப் பட்டனோடு கட்டுங்கள்:

பின்_எண் <- ஈவென்ட்ரியாக்டிவ்(இன்புட்$வரை, இன்புட்$பின்ஸ்)

ரெண்டர்பிளாட்டுக்குள் இன்புட்$பின்ஸ் இருந்த இடத்தில் பின்_எண்() என்று எழுதுங்கள். அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள், விட்டால் எண்ணுக்குப் பதில் ஃபங்ஷனே போய்ச் சேரும், எரர் வரும்.

இங்கே ஒன்றை மிகக் கவனமாகப் பாருங்கள். படத்தின் தலைப்பில் பேஸ்ட்(“பின்கள்:”, இன்புட்$பின்ஸ்) என்பது போல ஏதாவது எழுதியிருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால், ஸ்லைடரை 30இலிருந்து 45க்கு நகர்த்தியதுமே ரெண்டர்பிளாட் மறுபடி ஓடும். பட்டைகள் பழைய 30படியே நிற்கும், தலைப்பு மட்டும் 45 என்று காட்டும். எரரும் வராது, எச்சரிக்கையும் வராது. பார்ப்பவர் அந்தத் தலைப்பை நம்பிவிடுவார். படம் வராமல் போவதைவிட இது மோசம் என்பேன். ரெண்டர்பிளாட்டுக்குள் ‘இன்புட்$’ என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

ஆப் திறந்ததும் படம் இருக்க வேண்டுமென்றால் ஈவென்ட்ரியாக்டிவ்வில் இக்னோர்நல் = ஃபால்ஸ் சேர்க்கவும். ஆக்‌ஷன்பட்டனின் மதிப்பு 0இல் தொடங்கி ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று கூடும். அந்த முதல் 0வை ஷைனி ‘இன்னும் அழுத்தவில்லை’ என்று எடுத்துக்கொள்வதால்தான் ஆரம்பத்தில் இடம் காலியாக இருக்கிறது.

உங்கள் ஆப்பில் ஒரே ஒரு படம்தான் என்றால் இன்னும் சுருக்கமான வழி உண்டு. ஷைனி 1.6.0இல், அதாவது 2021இல், வந்த பைண்ட்ஈவென்ட். வெளியே எடுத்த ரெண்டர்பிளாட்டுக்குள் இன்புட்$பின்ஸை அப்படியே விட்டு, அதன் வாலில் பைப் (|>) போட்டு பைண்ட்ஈவென்ட்(இன்புட்$வரை) என்று சேர்த்தால் போதும். தலைப்பு உட்பட எல்லாமே பட்டனுக்குக் கட்டுப்படும். உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். அதே தரவை அட்டவணையிலும் காட்டப்போகிறீர்கள் என்றால் ஈவென்ட்ரியாக்டிவ்வே நல்லது: கணக்கு ஒரே இடத்தில் நடக்கும், இரண்டும் ஒத்துப்போகும்.

இரண்டு பட்டன்கள் ஒரே படத்தை மாற்ற வேண்டிவந்தால், மதிப்பைச் சேமித்து வைக்கும் ஒரு ரியாக்டிவ்வேல் வைத்து, பட்டனுக்கு ஒன்றாக இரண்டு அப்சர்வ்ஈவென்ட் எழுதி அதில் மதிப்பைப் போடுங்கள். ரெண்டர்பிளாட் அதை மட்டும் படிக்கட்டும்.

ஃபெய்த்ஃபுல் தரவில் 272 வரிகள்தான், உடனே வரைந்துவிடும். பட்டன் இல்லாமலும் நடக்கும். டேட்டாபேஸைக் கேட்டு வர நேரமாகும் ஆப்களில்தான் பட்டன் அவசியம். ஸ்லைடரை இழுக்கும்போது படம் துள்ளுவது மட்டுமே தொல்லை என்றால், ஸ்லைடர் மதிப்பை ஒரு ரியாக்டிவ்வில் எடுத்து டிபவுன்ஸ் போட்டு 500 மில்லிசெகண்ட் கொடுத்துப் பாருங்கள். கை நின்ற பிறகே படம் மாறும்.