மும்பை அருகே உரண் பக்கக் கழியில் கொடுவா மீன் வளர்க்கக் கூண்டு போட்டால், மீன்பிடிப் படகுச் சத்தம் வளர்ச்சியைக் கெடுக்குமா?

கெடுக்கலாம். ஆனால் மீன் செத்து மிதக்காது. தீவனக் கணக்கில்தான் அடி விழும். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகிறது, காற்றில் போவதைப்போல் நாலு மடங்குக்கு மேல். படகு இரைச்சலின் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. மீனின் காதும் அங்கேதான் கூர்மை. கொடுவாவுக்கு உடலுக்குள் மிதக்க உதவும் காற்றுப்பை உண்டு, ஒலி அழுத்தத்தில் அதுவும் அதிரும். கூண்டில் வளர்க்கும் இன்னொரு மீனான கடல்விராலுக்கு (கோபியா) அந்தப் பை கிடையாது.

திடுக்கிட்ட மீன் கீழே இறங்கி நெருங்கி நிற்கும். கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும், மூச்சு வேகமாகும். அந்நேரம் போட்ட தீவனம் வலை வழியே வீணாகும். நெருக்கத்தில் உரசினால் செதில் உதிர்ந்து புண், அதில் பாக்டீரியா.

சீரான இரைச்சலுக்கு மீன் ஓரளவு பழகிவிடும். திடீரென ஆக்சிலரேட்டரை முறுக்குவதுதான் வினை. உங்கள் படகு கூண்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்தே வரட்டும். விளிம்பு சிதைந்த புரொபெல்லர் குமிழி கிளப்பி அதிகம் கத்தும். தேய்த்துச் சீராக்குங்கள், இல்லையேல் மாற்றுங்கள். மிதவை மேடையில் ஜெனரேட்டர் இருந்தால் அடியில் ரப்பர் மெத்தை கட்டாயம், பலர் இதை மறந்துவிட்டு அடுத்தவர் படகைத் திட்டுகிறார்கள். படகுகள் கிளம்பும், திரும்பும் நேரம் பார்த்துத் தீவன வேளையைத் தள்ளுங்கள்.

தீவனம் எடுக்கவில்லை என்றால் முதலில் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் பழி படகின் மேல் இல்லை.